கொழுந்தனாரின் பதவிக்காக ஒரு வங்கிக் கடன்

கேள்வி: சிங்கப்பூரில் தேக்கா, ஈசூன், உட்லண்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களில் சைவ உணவுக்கடை நடத்துகிறோம். மாத லாபம் 14,000 வெள்ளி; வீட்டுச் செலவு போக 4,000 மிஞ்சும். இரண்டு மேலாளர்களை நியமிக்க, 7.5 விழுக்காட்டு வட்டியில் 5 ஆண்டுகளுக்கு 150,000 வெள்ளி கடன் வாங்கலாமா? மேற்பார்வையாளராக 3,800 வெள்ளி பெறும் கொழுந்தனாரை அவர்களுக்கு மேல் பொது மேலாளராக்க வேண்டும் என்கிறார் மாமியார்.

பதில்: கடையை மூன்றாக வளர்த்தவருக்கு வரவு செலவு எழுத நான் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால், கொழுந்தனார் மாதந்தோறும் கல்லாவிலிருந்து 850 வெள்ளி வரை 'முன்பணம்' எடுப்பதாகவும் அது திரும்பி வருவதில்லை என்றும் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

4,500 வெள்ளிச் சம்பளத்தில் ஒரு மேலாளரை எடுத்தால், ஊழியரின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்கு முதலாளியின் பங்கு 17 விழுக்காடு, அதாவது 765 வெள்ளி. ஊழியர் பயிற்சிக்காக முதலாளி கட்டும் திறன் மேம்பாட்டுத் தீர்வையையும் ஆண்டிறுதியில் ஒரு மாதச் சம்பளத்தையும் சேர்த்தால் மாதத்திற்கு ஏறக்குறைய 5,700 ஆகும். இருவருக்கு 11,400, கடன் தவணை 3,000. உங்கள் 4,000 வெள்ளி மிச்சத்தையும் போட்டு ஈடுகட்டினால்கூடக் கடன் தொகை 14 மாதங்களில் கரைந்துவிடும்; தவணை மட்டும் மேலும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு நீளும். இத்தகைய கடனுக்கு வங்கிகள் பெரும்பாலும் உரிமையாளரின் சொந்த உத்தரவாதத்தைக் கேட்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது கொழுந்தனாரின் கணக்கைப் பாருங்கள். சேமநிதியோடு 4,446, கல்லாவில் எடுப்பது 850, ஆக ஏறத்தாழ 5,300. ஒரு மேலாளருக்கான செலவை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள், மேலாளர்தான் இல்லை. மாமியாரிடம் பேசத் தயங்குவதற்காக மாதம் 3,000 வெள்ளி தவணை கட்டுவது, எனக்குத் தெரிந்தவரை, மிக விலையுயர்ந்த மரியாதை.

அவரை வெளியே அனுப்பச் சொல்லவில்லை. விடியற்காலையில் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்துக்குப் போய்க் காய்கறி எடுத்து வருவதில் கெட்டிக்காரர் என்கிறீர்கள். அந்த வேலையையே 2,400 வெள்ளிச் சம்பளத்தில், எழுத்து வடிவ வேலை நியமன விதிமுறைகளோடு கொடுங்கள். சம்பளம் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போகட்டும், கல்லாச் சாவி அவரிடம் இருக்க வேண்டாம். இதனால் மாதம் ஏறத்தாழ 2,490 வெள்ளி மிச்சமாகும். உங்களிடம் உள்ள 4,000 வெள்ளியுடன் சேர்த்தால், கடனே இல்லாமல் முதல் மேலாளருக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம். குடும்பத்துக்கு உதவ விரும்பினால், உங்கள் சொந்தப் பணத்திலிருந்து, இவ்வளவுதான் என்று சொல்லிக் கொடுங்கள்.

மேலாளரை வைத்துக்கொண்டு ஐம்பது வெள்ளிக்கும் உங்கள் கையெழுத்தைக் கேட்க வைத்தால் அந்த 5,700 வெள்ளி வீண்தான். கடைக்கு வாரம் 500 வெள்ளி வரை அவரே செலவிட அதிகாரம் கொடுத்து, கொட்டப்படும் உணவின் கணக்கை வாராவாரம் கேளுங்கள். விற்பனையில் வெள்ளிக்கு 30 காசு மிஞ்சுகிறதென்றால், அவருக்கான செலவை விற்பனையால் மட்டும் ஈடுகட்ட மாதம் 19,000 வெள்ளி கூடுதலாக விற்றாக வேண்டும்; வீணாவதைக் குறைப்பது அதைவிட எளிது.

மேலாளர்களைத் தக்கவைக்க அவர்கள் பெயரில் முதலீட்டுடன் இணைந்த காப்புறுதி எடுக்கச் சொல்வதாக நீங்கள் எழுதியிருக்கும் முகவருக்கு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொடக்க ஆண்டுகளில் கட்டணங்களே பெரும்பகுதியைத் தின்னும் திட்டங்கள் இவற்றில் பல. வேலையில் நீடிப்பாரா என்று தெரியாத ஒருவருக்காக அதில் பணத்தை முடக்குவானேன்? வீணாவதைக் குறைத்து மிச்சப்படுத்தும் பணத்தில் ஒரு பங்கை மேலாளருக்கு ரொக்க ஊக்கத்தொகையாகக் கொடுங்கள். இரண்டாவது மேலாளரைப் பற்றி, முதலாமவரின் ஆறு மாதக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள்.