ஓட்டு போட்டாச்சு, செய்யப்போறது யாரு?

கேள்வி: 1947-ல பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடுன்னு ரெண்டா பிரிக்கணும்னு ஐ.நா.வுல தீர்மானம் பாஸ் ஆயிடுச்சே சார், அப்புறம் ஏன் அது சொன்னபடி நடக்கல?

பதில்: பாஸ் ஆனதே கடைசி நேரத்துல ஆள் பிடிச்சுதாங்க. நவம்பர் 26-ம் தேதி பிலிப்பைன்ஸ் பிரதிநிதி ரோமுலோ எழுந்து பிரிவினை கூடாதுன்னு பேசிட்டு உக்காந்தாரு, ஓட்டெடுப்பு தள்ளிப்போச்சு, நடுவுல அமெரிக்காவோட தேங்ஸ்கிவிங் பண்டிகை லீவு வேற, அந்த கேப்ல அமெரிக்காவுல இருந்து பறந்த போனும் தந்தியும் கொஞ்சநஞ்சம் இல்ல, 29-ம் தேதி பாத்தா அதே பிலிப்பைன்ஸ் ஆதரவா ஓட்டு போடுது, லைபீரியா, ஹைட்டியும் அப்படித்தான். 33-க்கு 13, பத்து நாடு நடுநிலை.

ஆனா அதை நிறைவேத்தப் போறது யாருன்னு பாத்தீங்கன்னா அஞ்சு குட்டி நாடு சேர்ந்த ஒரு ஐ.நா. கமிஷன்! பொலிவியா, செக்கோஸ்லோவாகியா, டென்மார்க், பனாமா, பிலிப்பைன்ஸ். ஒரு போலீஸ்காரன் கூட கையில கிடையாது. அரபு நாடுகள் மாட்டவே மாட்டோம்னுட்டாங்க, யூதர்கள் சார்புல பேசின யூத ஏஜென்சி சரின்னுச்சு, ஊரை கையில வச்சிருந்த பிரிட்டன் ரெண்டு தரப்பும் சேர்ந்து ஒத்துக்கிட்டாத்தான் ஒத்தாசை, இல்லேன்னா மாட்டோம்னு கைய விரிச்சுடுச்சு. 1948 மே 15-ல மேண்டேட், அதாவது பிரிட்டனோட ஆட்சிப் பொறுப்பு, முடியுது, கமிஷன் அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வந்தா போதுமாம்! ஒரு நாட்டு நிர்வாகத்தையே ரெண்டு வாரத்துல எப்படிங்க கைமாத்துறது? குடியேற வர்ற யூதர்களுக்காக பிப்ரவரி 1-க்குள்ள ஒரு துறைமுகத்தை திறக்கணும்னு தீர்மானத்துல இருந்துச்சு, அதுவும் திறக்கல. பிப்ரவரியில கமிஷன் பாதுகாப்பு கவுன்சிலுக்கு எழுதுச்சு, படை குடுக்கலேன்னா எங்களால ஆகாதுன்னு. யாரும் குடுக்கல.

கேள்வி: அமெரிக்கா தானே முன்ன நின்னு பாஸ் பண்ண வச்சுது, அதுவே ஏன் பல்டி அடிச்சுது?

பதில்: வெள்ளை மாளிகை ஒரு பக்கம், வெளியுறவுத்துறை இன்னொரு பக்கம் இழுத்ததுதான். எண்ணெய், அரபு நாடுகளோட நட்பு, உள்ள சோவியத் நுழைஞ்சிடுமோங்கற பயம்னு வெளியுறவுத்துறைக்கு ஆயிரம் கவலை, ஜனாதிபதி ட்ரூமனுக்கோ அது தேர்தல் வருஷம். மார்ச் 18-ம் தேதி ட்ரூமன் யூதத் தலைவர் வைஸ்மனை ரகசியமா சந்திச்சு கவலைப்படாதீங்கன்னு அனுப்புறாரு, மறுநாளே ஐ.நா.வுல அமெரிக்க தூதர் ஆஸ்டின் பிரிவினையை ஓரமா வச்சுட்டு தற்காலிகமா ஐ.நா.வே மேற்பார்வை பாக்குற அறங்காவல் ஆட்சி வைக்கலாம்னு பேசுறாரு. என்னை பொய்யனாக்கிட்டாங்களேன்னு ட்ரூமன் டைரியில புலம்பியிருக்காரு. அந்த அறங்காவல் திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்ததும் அவர்தாங்கறாங்க, எப்ப அறிவிப்பாங்கன்னுதான் அவருக்கு தெரியலையாம், இதை நான் பாதிதான் நம்புறேன்.

கடைசியில மே 14 அன்னிக்கு டெல் அவிவ்ல யூதத் தலைவர்கள் இஸ்ரேலை அறிவிச்சாங்க, அன்னிக்கு நள்ளிரவோட மேண்டேட் முடிஞ்சு 11 நிமிஷத்துல ட்ரூமன் அங்கீகாரம் குடுத்துட்டாரு, நியூயார்க்ல ஐ.நா. சபை அப்பவும் உக்காந்து விவாதிச்சுக்கிட்டே இருக்கு. அதே நாள் சபை அந்த அஞ்சு நாட்டு கமிஷனையும் வீட்டுக்கு அனுப்பிட்டு சமரசத்துக்கு ஒரு ஆளை போடலாம்னு முடிவு பண்ணுச்சு. அடுத்த நாள் அரபு படைகள் உள்ள வந்துடுச்சு.

கேள்வி: நம்ம நாடு எந்தப் பக்கம்?

பதில்: எதிர்ப்பு. ஈரான், யூகோஸ்லாவியாவோட சேர்ந்து ஒரே கூட்டாட்சி நாடா வைக்கலாம்னு தனியா ஒரு யோசனையும் சொன்னோம், யாரும் கண்டுக்கல. நாமளே பிரிஞ்சு மூணு மாசம் தான் ஆகியிருந்துச்சு, காஷ்மீர்ல சண்டை வேற, ஆனா இந்த ஓட்டுல மட்டும் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம்.