ஒரு வயதுக்குப் பிறகும் தாய்ப்பால் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மகளுக்கு இப்போது 11 மாதம். பிறந்தபோது 2.8 கிலோ இருந்தாள், இப்போது 8.2 கிலோ இருக்கிறாள். பகலில் என் மாமியார் பார்த்துக்கொள்கிறார். ஊட்டுவதில் பாதியைத் துப்பிவிடுகிறாள்; இரவில் மூன்று, நான்கு முறை எழுந்து பால் குடிக்கிறாள். எனக்கு மாதவிலக்கும் திரும்பிவிட்டது. "இனி வருவது பால் இல்லை, வெறும் தண்ணீர். பிறந்தநாளோடு நிறுத்திவிடு, அப்போதுதான் சோறு தின்பாள்" என்று வீட்டில் சொல்கிறார்கள். தாய்ப்பாலை எவ்வளவு காலம் கொடுக்க வேண்டும்? நிறுத்துவதென்றால் எப்படி நிறுத்துவது?

பதில்: முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும், ஆறு மாதம் முடிந்ததும் வீட்டு உணவைத் தொடங்கி, அதனுடன் குறைந்தது இரண்டு வயது வரை தாய்ப்பால், அதற்கு மேலும் தாயும் குழந்தையும் விரும்பினால் தொடரலாம். உலக சுகாதார நிறுவனமும் இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் சொல்வது இதுதான். என் புறநோயாளிகள் பிரிவில் நான் சொல்வதும் இதுதான். அப்படிப் பார்த்தால் நீங்கள் இன்னும் பாதி வழியைக்கூடக் கடக்கவில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள எந்தத் தகவலும் பிறந்தநாளோடு பாலை நிறுத்துவதற்கான மருத்துவக் காரணம் ஆகாது.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் மருத்துவர்களே நான்கு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் வேறு உணவைத் தொடங்கச் சொன்னார்கள். 2001-ஆம் ஆண்டில்தான் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் முழுவதும் தாய்ப்பால் மட்டும் என்று தன் பரிந்துரையைத் திருத்தியது. ஆறு மாதத்துக்கு முன் கொடுக்கப்படும் கஞ்சியும் தண்ணீரும் குழந்தையின் சிறிய வயிற்றில் பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு, கழுவிய பாத்திரத்தில் தங்கிய கிருமிகளையும் உள்ளே கொண்டுபோகின்றன என்பதும், பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைவாக வந்தது என்பதும், அவர்களின் வளர்ச்சி எந்த வகையிலும் பின்தங்கவில்லை என்பதும் தெரிந்த பிறகே அந்தத் திருத்தம் வந்தது. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான் என்பதால், சித்திரை வெயிலிலும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனியே தண்ணீர் கொடுக்கத் தேவையில்லை. உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள் என்றாலும், இதைப் படிக்கும் மற்ற தாய்மாருக்காக இங்கே சொல்லி வைக்கிறேன்.

இனி "வெறும் தண்ணீர்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இது எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. மார்பை அழுத்திச் சில துளிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது நீலம் கலந்த வெளிறிய நிறத்தில், கறந்த பசும்பாலுக்கு முன் நிற்க முடியாததுபோல் தெரியும். ஒவ்வொரு முறையும் முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு. குழந்தை குடிக்கக் குடிக்கக் கொழுப்பு ஏறி, கடைசியில் வருவது கெட்டியாக இருக்கும். ஒரு முறை முழுவதுமாகப் பீய்ச்சிய பாலை ஒரு சிறிய கண்ணாடி டம்ளரில் மூடி, இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். கீழே நீர்த்த பாலும் மேலே விரல் தடிமனுக்குக் குறைவாக, இளமஞ்சள் ஏடும் தனித்தனியாக நிற்கும். உங்கள் மாமியாருக்கும் அந்த டம்ளரைக் காட்டுங்கள். நான் பத்து முறை எடுத்துச் சொல்வதைவிட அது நன்றாகப் பேசும்.

ஒரு வயது முடிந்த நாளில் பால் தண்ணீராக மாறிவிடுவதில்லை. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் நாளொன்றுக்குச் சுமார் 450 மில்லி தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, அதன் ஆற்றல் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், புரதத் தேவையில் ஐந்தில் இரண்டு பங்கும், வைட்டமின் ஏ தேவையில் நான்கில் மூன்று பங்கும் அதிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. நோய் எதிர்ப்புப் பொருள்களும் தொடர்ந்து வருகின்றன. அவற்றில் சில இரண்டாம் ஆண்டில் கூடவும் செய்கின்றன. குழந்தை தவழ்ந்து, நடந்து, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயது அது என்பதை நினைத்துப் பாருங்கள். வயிற்றுப்போக்கோடு வரும் ஒன்றரை வயதுக் குழந்தை சோற்றைத் தள்ளிவிடும், பிஸ்கட்டைத் தள்ளிவிடும், உப்பு சர்க்கரைக் கரைசலைக்கூடத் துப்பும். ஆனால் தாய் மடியில் போட்டால் மார்பைப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பால்குடி மறக்காத குழந்தைகள் பலர் ஊசியும் குளுக்கோஸும் இல்லாமல் வீடு திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

மாதவிலக்கு திரும்பியதால் பால் கெட்டுப்போவதில்லை. அந்தச் சில நாள்களில் சிலருக்குச் சுரப்பு சற்றுக் குறையலாம், காம்பு கூசலாம்; பிறகு சரியாகிவிடும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால் கொடுப்பது கருத்தரிப்பைத் தடுக்கும் என்பது, குழந்தை ஆறு மாதத்துக்கு உட்பட்டு, தாய்ப்பால் மட்டுமே குடித்து, தாய்க்கு மாதவிலக்கும் வராமல் இருக்கும்போது மட்டுமே நம்பத் தக்கது. உங்களுக்கு இந்த மூன்றுமே இப்போது பொருந்தாது. எனவே அடுத்த குழந்தையைத் தள்ளிப்போட விரும்பினால், பாலைக் குறைக்காத கருத்தடை முறை எது என்று மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் வீட்டாரின் கவலையில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. குறிப்பாக இரும்புச்சத்து போதாது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவரும் இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு நன்றாக உறிஞ்சப்பட்டாலும் அளவில் மிகக் குறைவு. 14 மாதக் குழந்தை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். கொழுகொழுவென்று இருந்தது, ஆனால் உள்ளங்கை வெள்ளைத் தாள்போல் வெளுத்திருந்தது. தாய் மடியை விட்டு இறங்கவில்லை, கொடுத்த பொம்மையைத் தொடவும் இல்லை. தாய்ப்பாலும், டீயில் நனைத்த பிஸ்கட்டும்தான் அதன் உணவு. ஹீமோகுளோபின் 6.8 இருந்தது. அந்தத் தாயிடம் நான் பாலை நிறுத்தச் சொல்லவில்லை. டீயை நிறுத்தச் சொன்னேன், உணவைக் கூட்டினேன், இரும்புச்சத்து மருந்து கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்தபோது அந்தக் குழந்தை என் மேசையில் இருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தது.

உங்கள் மகளின் எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு வயதில் பிறந்த எடையைப்போல் மூன்று மடங்கு இருந்தால் நாங்கள் நிறைவடைவோம், 2.8 கிலோவுக்கு அது 8.4 கிலோ, அவள் இப்போதே அதன் அருகில் இருக்கிறாள். ஆனாலும் அவள் எதைத் துப்புகிறாள், எப்போது துப்புகிறாள் என்று பார்க்க வேண்டும். மாலையில் நீங்கள் வந்ததும் அவள் பால் குடிப்பாள். அது நியாயம், பகல் முழுவதும் காத்திருந்தவள் அவள். அடுத்த அரை மணியில் சோறு ஊட்டினால் துப்பத்தான் செய்வாள். இடையில் ஒன்றரை மணி நேரமாவது விட்டு, அவள் பசியோடு இருக்கும்போது ஊட்டுங்கள். காலை பத்து மணிக்கும் பிற்பகலுக்கும் இடையில் பிஸ்கட், புட்டியில் பசும்பால் ஆகியவை உள்ளே போகின்றனவா என்றும் மாமியாரிடம் பொறுமையாகக் கேளுங்கள். ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுப்பது இரத்தச்சோகைக்கு வழி செய்யும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது தேவையும் இல்லை.

உணவு எப்படி இருக்க வேண்டும் என்றால், கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். ரசத்தில் கரைத்த சோறும் பருப்புத் தெளிவும் வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. குழைய வேகவைத்த சோற்றில் கெட்டிப் பருப்பும் ஒரு சிறு கரண்டி நெய்யும் சேர்த்து மசித்தது, கேழ்வரகுக் கூழ், இட்லி, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த கீரை, வாழைப்பழம், அங்கன்வாடியில் தரும் சத்துமாவுக் கஞ்சி ஆகிய எல்லாவற்றையும் இந்த வயதில் கொடுக்கலாம். அசைவம் உண்ணும் வீடாக இருந்தால் ஈரலை வாரம் ஒரு முறை சிறிதளவு கொடுப்பது இரும்புச்சத்துக்கு மிக நல்லது. நாளைக்கு மூன்று, நான்கு வேளை, வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் பாதியளவு போதும். தேன் மட்டும் ஒரு வயது முடியும் வரை வேண்டாம். புதிய உணவு ஒன்றை ஏற்றுக்கொள்ள ஒரு குழந்தைக்கு எட்டு, பத்து முறைகூட ஆகலாம்; இரண்டாம் நாள் துப்பியதை வைத்து "இவளுக்குக் கீரை பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரு முறை 1 மில்லி இரும்புச்சத்து மருந்து கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவில் எழுவதற்கும் உங்கள் வேலைக்கும் தொடர்பு உண்டு. பகலில் ஒன்பது, பத்து மணி நேரம் தாய் இல்லாத குழந்தை, தவறவிட்ட பாலையும் தாயின் அருகாமையையும் இரவில் ஈடுகட்டிக்கொள்கிறது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக ஊறுகிறது என்பதால், அந்த இரவுப் பால்தான் உங்கள் சுரப்பையும் காத்து வருகிறது. பகலில் உணவு ஏற ஏற, எழும் தடவைகள் தாமாகக் குறையும். வேலையிடத்தில் ஒன்று அல்லது இரண்டு முறை பீய்ச்ச முடிந்தால் மார்பு கட்டிக்கொள்ளாது, சுரப்பும் குறையாது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல், பாலூட்டுவதற்காக நாளைக்கு இரண்டு இடைவேளைகள் பெறும் உரிமை நமது நாட்டின் சட்டத்தில் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்த மூடியுள்ள பாத்திரத்தில் பாலை எடுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். ஆனால் திண்டுக்கல் கோடையில் அதை நம்பாமல் பனிக்கட்டி வைத்த பையில் வைத்துக் கொண்டுவருவதே நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள், அடுப்பில் சூடாக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி இளஞ்சூடாக்கிப் பாலாடையிலோ டம்ளரிலோ கொடுக்கச் சொல்லுங்கள். புட்டி வேண்டாம்.

உங்கள் உடம்பைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, ஒரு பெண் தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவருக்கு மார்பகப் புற்றுநோய் வரும் அபாயம் 4.3 சதவீதம் குறைவதாகக் காட்டியது. அதே நேரத்தில் பால் கொடுப்பவருக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக நாளைக்குச் சுமார் 500 கலோரி தேவை. காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு ஆலைக்கு ஓடும் தாய்மாரை நான் நிறையப் பார்க்கிறேன். நீங்களும் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்த வேண்டிய காலம் வரும்போது மெதுவாக நிறுத்த வேண்டும். காம்பில் வேப்பெண்ணெய், மிளகாய் தடவிப் பிள்ளையை மிரட்டுவதும், இரண்டு நாள் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வருவதும் குழந்தைக்கு அழுகையையும் தாய்க்குப் பால்கட்டையும் காய்ச்சலையும் தருகின்றன. முதலில் பகலில் அவள் அதிகம் தேடாத ஒரு வேளையை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் உணவோ விளையாட்டோ கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அடுத்த வேளை. தூங்கப் போகும் நேரத்துப் பாலைக் கடைசியில் வையுங்கள். குழந்தைக்கு உடல்நலம் இல்லாதபோதும் வீடு மாறும்போதும் தொடங்காதீர்கள். மார்பு கனத்தால், பாரம் குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சிவிடலாம். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் நம் வீட்டுப் பழக்கத்தை வெறும் நம்பிக்கை என்று நான் தள்ள மாட்டேன். பிரசவித்த பெண்களிடம் நடத்தி 1988-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், பால் வற்றச் செய்வதில் அது மாத்திரைக்கு ஏறக்குறைய இணையாக வேலை செய்தது. எனவே பால் கொடுக்க விரும்பும் காலத்தில் அதைச் செய்யாதீர்கள். பால் வற்றுவதற்கான மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது ஆபத்து. இரத்த அழுத்தம் ஏறுவது உள்ளிட்ட பக்கவிளைவுகள் அதற்கு உண்டு.

புற்றுநோய் மருந்துகள், கதிரியக்க அயோடின் சிகிச்சை போன்ற சில நிலைகளில் மட்டுமே பாலை உடனே நிறுத்த நேரும். சாதாரணக் காய்ச்சல், சளி, பாராசிட்டமால் இவற்றுக்காக நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு வயது முடிந்ததும் மகளை அருகில் உள்ள குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய் எடை, உயரம், ஹீமோகுளோபின் மூன்றையும் பாருங்கள். அதற்குள் எடை இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் நின்றாலோ, உள்ளங்கை வெளுத்திருந்தாலோ, அவள் விளையாட்டில் நாட்டம் குறைந்து சோர்ந்து கிடந்தாலோ பிறந்தநாள் வரை காத்திருக்காமல் முன்பே போய்விடுங்கள்.