கரோப்போலோவின் அந்த நீள வீச்சு: முடிவு தப்பா, கை தப்பா?

கேள்வி: 2020 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலை (அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டம், ஃபார்ட்டிநைனர்ஸும் சீஃப்ஸும் மோதியது) இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் ஃபார்ட்டிநைனர்ஸின் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜிம்மி கரோப்போலோ, இம்மானுவேல் சாண்டர்ஸுக்கு நீளமாக வீசுகிறார். சாண்டர்ஸ் காவலைத் தாண்டி ஓடுகிறார், ஆனால் பந்து அவருக்கு எட்டாமல் முன்னால் தாண்டிப் போய்விடுகிறது. அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் வீசியிருக்க வேண்டுமா? கிட்டத்தில் யாருக்காவது கொடுத்திருக்கலாமே? குவாட்டர்பேக் எடுத்த முடிவு சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். யாருக்கு வீசுவது என்பது முடிவு. பந்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது கைவேலை. பந்து தரையில் விழுந்ததும் நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித் திட்டுகிறோம். சாண்டர்ஸ் அதைப் பிடித்திருந்தால் இதே முடிவைத் துணிச்சல் என்று கொண்டாடியிருப்போம். அதனால் விளைவை மறைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

பந்து கையை விட்டுப் போகும் முன் நிலைமை என்ன? சீஃப்ஸ் 24, ஃபார்ட்டிநைனர்ஸ் 20. இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. நான்கு புள்ளி பின்தங்கியிருப்பதால் மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோல் உதவாது, டச்டவுன்தான் வேண்டும் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோவது, 6 புள்ளி; பிறகு ஓர் உதையில் இன்னும் 1). பந்து சீஃப்ஸின் எல்லைக்கு 49 யார்டு தூரத்தில். மூன்றாவது டவுன், 10 யார்டு தேவை (டவுன் என்பது ஒரு முயற்சி; நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும்).

நீங்கள் சொல்லும் 'கிட்டத்தில் கொடுத்திருக்கலாம்' என்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நான்காவது டவுனையும் ஆடித்தான் ஆக வேண்டும், பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிட முடியாது. ஆகவே 10 யார்டை ஒரே வீச்சில் எடுக்கக் கட்டாயமில்லை. ஆறு யார்டு எடுத்தால் நான்காவது டவுனில் நான்கு யார்டுதான் பாக்கி. நீளப் பந்து தவறினாலோ திரும்பவும் முழு 10 யார்டு. அப்படித்தான் நடந்தது: அடுத்த முயற்சியில் சீஃப்ஸின் ஃபிராங்க் கிளார்க் கரோப்போலோவை வீழ்த்தினார், பந்து சீஃப்ஸ் கைக்குப் போனது. பிறகு அவர்களின் டேமியன் வில்லியம்ஸ் 38 யார்டு ஓடி டச்டவுன் அடிக்க, ஆட்டம் 31-20 என்று முடிந்தது.

ஆனாலும் என் தீர்ப்பு: முடிவு சரி. ரிசீவர் (பந்தை வாங்க ஓடுபவர், இங்கே சாண்டர்ஸ்) காவல்காரர்களை முந்திவிட்டார், பிடித்தால் டச்டவுன். அதைப் பார்த்தும் ஆறு யார்டு வீச்சைத் தேடுகிற குவாட்டர்பேக்கை எந்தப் பயிற்சியாளரும் பாராட்ட மாட்டார்.

தப்பு கையில்தான். ரிசீவரோடு ஒட்டி ஒருவர் ஓடும்போது பந்து அவரைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, குட்டையாகப் போனால்தான் எதிரி பறிப்பார். ரிசீவர் முந்திவிட்டால் கணக்கு மாறுகிறது. பந்தை உயரமாக, கொஞ்சம் குறைவாகவே வீச வேண்டும். அவர் வேகம் தளர்ந்து வாங்கினால் சில யார்டு நஷ்டமாகலாம், ஆனால் பந்து கையில் இருக்கும். அதே ஆட்டத்தில் சீஃப்ஸின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் மூன்றாவது டவுன், 15 யார்டில் டைரீக் ஹில்லுக்கு வீசிய 44 யார்டு பந்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நெருக்கடியில் பின்னால் நகர்ந்துகொண்டே வீசியது அது. ஹில் அதை நிதானமாக வாங்கினார். அந்த வீச்சுக்கு முன் ஃபார்ட்டிநைனர்ஸ்தான் 20-10 என்று முன்னிலையில் இருந்தது.

கரோப்போலோவுக்கு இந்த வகை வீச்சு அன்றாடப் பழக்கமும் இல்லை. ஓட்டத்தை நம்பிய அணி அது. முந்தைய பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தில் பேக்கர்ஸ் அணியை 37-20 என்று வென்றபோது அவர் வீசியதே 8 பந்துதான். சாண்டர்ஸும் அந்த சீசனின் நடுவில், 2019 அக்டோபரில் டென்வர் அணியிலிருந்து வந்தவர். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை, ஆனால் 50 யார்டுக்கும் மேல் போகிற பந்தின் அளவு, ரிசீவரின் வேகத்தோடு பழகித்தான் கைக்கு வரும்.

இன்னொன்று, அந்த வீச்சுதான் கோப்பையைக் கைநழுவ விட்டது என்பதை நான் ஏற்பதில்லை. பிடித்திருந்தாலும் மூன்று புள்ளிதான் முன்னிலை. ஒன்றரை நிமிடம் கையில் வைத்திருக்கும் மஹோம்ஸுக்கு அது பெரிய மலையா என்ன?

இனி நீங்களே பார்க்கும்போது, பந்து கையை விடும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். சேஃப்டிகள் (கடைசி வரிசைக் காவல்காரர்கள்) எங்கே நிற்கிறார்கள், எதிரில் ஓடி வருபவர் எவ்வளவு நெருக்கம், முன்கால் இலக்கை நோக்கி ஊன்றியிருக்கிறதா, இவற்றைப் பாருங்கள். கால் ஊன்றாமல் உடம்பு பின்னால் சாய்ந்திருந்தால் பந்து உயர்ந்துபோவது வழக்கம். டிவி காட்சியில் பந்து பறந்த பிறகுதான் ரிசீவரே தெரிவார், அதை நம்பி முடிவைப் பற்றிப் பேச முடியாது. 22 பேரும் ஒரே சட்டத்தில் தெரியும் 'ஆல்-22' காட்சி கிடைத்தால் அதில் பாருங்கள். அப்போதும் ஒரு விஷயம் கவனம்: மேலிருந்து நமக்குத் தெரிகிற காலி இடம், ஆறடி உயர ஆட்கள் கையை உயர்த்தி நிற்கும் வரிசைக்குப் பின்னாலிருந்து குவாட்டர்பேக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.