அடியிறக்கத்துக்குக் கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டுமா, வளையம் போதுமா?

மூணாறு பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் உங்கள் தாயாருக்கு 52 வயதில் அடியிறக்கம் (கர்ப்பப்பை கீழே இறங்குவது) கண்டிருக்கிறது, கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள், அதைத் தாங்கப் பிறப்புறுப்புக்குள் வளையம் வைத்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதே கேள்வியை நெதர்லாந்தில் நேரடியாக ஆராய்ந்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். இறக்கத்தால் அவதிப்பட்ட 440 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வளையமும் மற்றதற்கு அறுவை சிகிச்சையும் தந்து 2 ஆண்டுகள் கவனித்ததில், தேறியதாகச் சொன்னவர்கள் முறையே சுமார் 76, 81 சதவீதம். ஆனால் வளையத்தில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னர் அறுவைக்கு மாறினார்கள். அந்த 76-இல் அவர்களும் அடக்கம்.

ஆகவே வளையத்தை முதலில் முயன்று பார்ப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. மடித்து உள்ளே வைத்தால் விரிந்து தாங்கிக்கொள்ளும் மென்மையான சிலிக்கான் வளையம் அது. கழற்றிச் சோப்பு நீரில் கழுவித் திரும்ப வைக்க அம்மாவே பழகிக்கொள்ளலாம். வெள்ளைபடுதல் கூடலாம். இரத்தம் கசிந்தால் உடனே காட்ட வேண்டும். மலைச்சரிவில் கொழுந்து மூட்டையை முக்கித் தூக்குவதும், நாள்பட்ட இருமலும் மலச்சிக்கலும் இறக்கத்தை மோசமாக்கும் என்பதால், எந்தச் சிகிச்சையானாலும் அவற்றையும் கவனியுங்கள்.

அறுவைதான் என்று முடிவானால், பிறப்புறுப்பு வழியாக, தாங்கிப் பிடிக்கும் செயற்கை வலை வைக்கப்போகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இறக்கத்துக்கான அத்தகைய வலைகளின் விற்பனையை அமெரிக்கா 2019-இல் நிறுத்தியது. கர்ப்பப்பையை எடுக்காமலே மேலே இழுத்துத் தைக்கும் முறையும் உண்டு. அது அம்மாவுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள்.