நீள இருக்கையா, குறுக்கு இருக்கையா: மின்சார ரயிலில் எது வசதி?

சென்னை மின்சார ரயில்களில் எதிரும் புதிருமாக இருக்கும் குறுக்கு இருக்கைகளை எடுத்துவிட்டு, மெட்ரோவில் இருப்பதுபோல ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரும் நீள இருக்கைகளைப் போட்டால் வசதியாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டிலும் வருடக்கணக்கில் போய்வந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் குரோம்பேட்டையிலிருந்து கோடம்பாக்கத்துக்கு நான்கு வருடம். பிறகு டோக்கியோவில், நம் நாட்டவர் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி-கசாயிலிருந்து ஓதேமாச்சிக்கு ஆறு வருடம்.

அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிறவர்கள் அதிகமாக உள்ள தடத்தில் நீள இருக்கை போடலாம். ஆனால் இருக்கையைத் திருப்பிப் போடுவதோடு வேலை முடிந்துவிடாது. நீள இருக்கையில் உட்காருகிறவர் சுகமாக இருப்பதும் இல்லாததும், அவருக்கு முன்னால் நிற்கிறவர் எதைப் பிடித்துக்கொண்டு, எங்கே கால் வைத்து நிற்கிறார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது. டோக்கியோவில் இதைப் புரிந்துகொண்டு பல வருடங்களாகச் சிறிது சிறிதாகத் திருத்தி வந்திருக்கிறார்கள்.

நிஷி-கசாய் இருப்பது டோசாய் தடத்தில். கொரோனாவுக்கு முந்தைய வருடங்களில் ஜப்பானிலேயே மிக நெரிசலான தடங்களில் ஒன்று அது. காலை நேரத்தில் கிபாவுக்கும் மோன்சென்-நகாச்சோவுக்கும் இடையே நெரிசல் 199 சதவீதம் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். சதவீதம் என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது என்பதால், அந்த நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு ஓர் அளவுகோலும் வைத்திருக்கிறது. எல்லாருக்கும் இருக்கையோ, கைப்பிடி வளையமோ, கதவோரக் கம்பியோ கிடைத்தால் 100. செய்தித்தாளைத் தாராளமாக விரித்துப் படிக்க முடிந்தால் 150. மடித்து வைத்துப் படிக்கலாம் என்றால் 180. உடம்போடு உடம்பு அழுந்தும், ஆனாலும் வாரப் பத்திரிகை ஒன்றை எப்படியாவது படித்துவிடலாம் என்றால் 200. கையைக்கூட அசைக்க முடியாது என்றால் 250. புழுக்கத்தையும் மூச்சுத் திணறலையும் கொண்டு அளக்காமல், ஒரு மனிதரால் கையில் இருப்பதைப் படிக்க முடிகிறதா என்பதைக் கொண்டு அளந்திருக்கிறார்களே, அந்தப் பார்வையே எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இந்த நெரிசலுக்காக 1991 முதல் டோசாய் தடத்துக்கு அகலக் கதவு வைத்த ரயில்களையும் செய்தார்கள். வழக்கமான கதவு 1.3 மீட்டர் அகலம், இது 1.8 மீட்டர். ஒரு பெட்டிக்கு ஒரு பக்கம் நான்கு கதவுகள். கதவு அகலமான அளவுக்கு இருக்கை குறுகியாக வேண்டும். ஆகவே இரண்டு கதவுகளுக்கு நடுவே ஏழு பேர் உட்கார்ந்த இடத்தில் ஆறு பேர் என்று ஆனது. உட்காரும் இடம் குறைந்ததே என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் நிலையத்தில் ரயில் நிற்கும் நேரம் நீண்டால், பின்னால் வரும் ரயில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமதமாகும். தாமதமானால் நடைமேடையில் கூட்டம் சேரும். அந்தக் கூட்டம் அடுத்த ரயிலில் ஏறும். அகலக் கதவு அந்தச் சங்கிலியை அறுக்கிறது. 2010-இல் வந்த புதிய ரயில்களிலும் அதே 1.8 மீட்டரையே வைத்துக்கொண்டார்கள்.

இதற்கு நேர்மாறாக, எல்லை மீறிப் போன முயற்சி ஒன்றும் உண்டு. யமனோட்டே வட்டத் தடத்தில் 1990-களில் ஒரு பக்கத்துக்கு ஆறு கதவுகள் கொண்ட பெட்டிகளை ஓட்டினார்கள். காலை பத்து மணி வரை அவற்றில் இருக்கைகளை மடக்கிப் பூட்டிவிடுவார்கள். யாருமே உட்கார முடியாது. நிலையங்களில் நடைமேடைக் கதவுகள் வரத் தொடங்கியதும், 2011-இல் அவை அந்தத் தடத்திலிருந்து போய்விட்டன. அவை போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். முழங்கால் வலிக்காரருக்குக் காலை எட்டு மணிக்கும் வலிக்கத்தான் செய்யும்.

இனி இருக்கைக்கு வருகிறேன். நீள இருக்கையின் பெரிய தொல்லை, எத்தனை பேர் உட்காரலாம் என்பது யாருக்கும் தெரியாமல் இருப்பது. ஏழு பேருக்கான இடத்தில் ஆறு பேர் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு உட்கார்ந்துவிட்டால், ஏழாமவர் எங்கே போய்ச் செருகிக்கொள்வது? கேட்கக் கூச்சப்படுகிறவர் நின்றுகொண்டே போவார். நம் ஊரில் இது தலைகீழ். மூன்று பேர் இருக்கையில் நான்காமவர் "கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் சார்" என்று கேட்டு, பாதி உடம்பு நடைபாதையில் இருக்க உட்கார்ந்து வருவார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இருக்கை எதையும் சொல்வதில்லை.

ஜப்பானில் இருக்கையைப் பேச வைத்தார்கள். 1979-இல் வந்த 201 ரக ரயிலில், ஏழு பேர் இருக்கையின் நட்டநடுவில் ஒருவருக்கான இடத்துக்கு மட்டும் வேறு நிறத் துணி போட்டார்கள். நடு இடத்தில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் இரண்டு பக்கமும் மும்மூன்று பேர் தானாக அமைந்துவிடுவார்கள். யாரையும் அதட்ட வேண்டாம், பலகை எழுதி மாட்ட வேண்டாம். பின்னால் வந்தவற்றில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குழிவு வைத்தார்கள். அகலமும் கூடியது: முன்பு ஆளுக்கு 43 சென்டிமீட்டர், 1990-களில் 45, 2006-இல் வந்த ஈ233 ரகத்தில் 46. மூன்று சென்டிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் எல்லாரும் தடித்த கோட்டு போட்டிருக்கும்போது, தோளை ஒடுக்காமல் உட்காருவதும் ஒடுக்கி உட்காருவதும் அந்த இரண்டு விரற்கடையில்தான் இருக்கிறது.

குழிவு வைத்த முதல் தலைமுறை இருக்கைகள் கட்டாந்தரை போல இருக்கும். 1993-இல் வந்த 209 ரகத்தை எடையும் விலையும் ஆயுளும் பாதி என்ற கொள்கையில் செய்திருந்தார்கள்; இருக்கை மிகவும் கடினம் என்று பயணிகள் குறை சொன்னார்கள். ஈ233-இல் உள்ளே வளைவுக் கம்பிச் சுருள்களை வைத்து மெத்தையைச் சரிசெய்தார்கள். ஆனால் 209 ரகம் கொண்டுவந்த ஒரு நல்ல மாற்றம் நிலைத்துவிட்டது. இருக்கைக்குக் கால் கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் கீழே பை வைக்கலாம், உட்கார்ந்தவர் குதிகாலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அவர் காலை இழுத்துக்கொண்டால்தான் முன்னால் நிற்கிறவருக்குக் கால் வைக்க இடம். ஜனவரிக் காலையில் இருக்கைக்கு அடியிலிருந்து வரும் வெப்பம் கெண்டைக்கால் சதையை இதமாகச் சுடும். வெளியே உறையும் குளிரில் நடைமேடையில் நின்றுவிட்டு அதில் உட்காரக் கிடைத்தால், ஓதேமாச்சி வந்தாலும் எழுந்திருக்க மனம் வராது.

ஆறு வருடத்தில் எனக்கு மறக்காமல் இருப்பது ஒரு கம்பி. அப்பா இரண்டு மாதம் எங்களோடு வந்து தங்கியிருந்தார். அவருக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. இருக்கை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னும் பின்னும் இரண்டு முறை ஆடி, மூன்றாவது ஆட்டத்தில்தான் எழுவார். யமனோட்டே ரயிலில் ஏழு பேர் இருக்கையை இரண்டு செங்குத்துக் கம்பிகள் பிரிக்கின்றன: இரண்டு பேர், ஒரு கம்பி, மூன்று பேர், ஒரு கம்பி, இரண்டு பேர். எத்தனை பேர் என்று சொல்வதற்குத்தான் அது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உவேனோவில் இறங்க வேண்டும். நான் எழுந்து கை நீட்டுவதற்குள் அப்பா இடது கையால் அந்தக் கம்பியை மார்பு உயரத்தில் பிடித்தார். பிறகு வலது கையை அதற்குச் சற்று மேலே வைத்தார். கிணற்றுக் கயிற்றை இழுப்பதுபோல ஒரே இழுப்பில் நிமிர்ந்து நின்றுவிட்டார். ஒரு முறைகூட ஆடவில்லை. நடைமேடையில் கால் வைத்ததும், "இந்தக் கம்பியை வைத்தவர் வீட்டில் முட்டிவலிக்காரர் ஒருவர் இருந்திருக்க வேண்டும்" என்றார்.

அன்று முதல்தான் நான் ரயிலின் உட்புறத்தைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். கதவோர இருக்கையின் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தடுப்பு இருக்கிறது. உட்கார்ந்தவர் அதில் சாய்ந்துகொள்ளலாம். கதவோரம் நிற்கிறவரும் மறுபுறம் சாய்ந்துகொள்ளலாம். அவருடைய பையோ முழங்கையோ இவர் முகத்தில் இடிக்காது. ஈ233-இல் முதியோர் இருக்கைப் பக்கம் கைப்பிடி வளையங்களைத் தாழ்த்தித் தொங்கவிட்டிருக்கிறார்கள், நிறமும் வேறு. குட்டையான பெண்கள் நுனிக்காலில் நின்று தொங்க வேண்டியதில்லை. முதியோர் இருக்கை என்ற ஏற்பாடே அங்கே 1973 செப்டம்பர் 15 அன்று, முதியோரைப் போற்றும் விடுமுறை நாளில், சூவோ தடத்தில் தொடங்கியது. புல்லட் ரயில் இருக்கைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த வெள்ளிச் சாம்பல் நிறத் துணியைப் போட்டுத்தான் அந்த இருக்கைகளை வேறுபடுத்திக் காட்டினார்களாம். அதனாலேயே வெகுகாலம் அவற்றுக்கு 'வெள்ளி இருக்கை' என்று பெயர். மிச்சத் துணியில் பிறந்த ஒரு மரியாதை என்று அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

சென்னைக்கு வருவோம். நம் குறுக்கு இருக்கையை மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். குளிர்சாதனம் இல்லாத பெட்டியில் ஜன்னல் காற்றுதான் உயிர். சித்திரை வெயிலில் பழவந்தாங்கலைத் தாண்டும்போது முகத்தில் அடிக்கும் அந்தக் காற்றை, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாங்க முடியாது. நமக்குக் குறுக்கு இருக்கை பொருந்தியதற்கு இன்னொரு காரணம் பெட்டியின் அகலம். நம் அகலப் பாதை மின்சார ரயில் பெட்டி 12 அடி, அதாவது சுமார் 3.66 மீட்டர். டோக்கியோவின் பெட்டிகள் 2.8 முதல் 2.95 மீட்டர் வரைதான். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு அங்கே இருப்பதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வம்பு. அங்கே இரண்டு பக்கமும் இருக்கை போட்ட பின் நடுவில் மிஞ்சும் இடத்தில் இரண்டு வரிசை ஆட்கள் நிற்பார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் தலைக்கு மேல் வளையம் இருக்கும். இங்கே என் கணக்குப்படி இரண்டு மீட்டருக்கு மேல் வெற்றிடம் மிஞ்சும். நட்டநடுவில் நிற்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் எட்டாது. ரயில் பிரேக் போட்டால் அவர் உட்கார்ந்திருப்பவர் மடியில்தான் விழுவார். எனவே நீள இருக்கை போட்டால், நடுவே தரையிலிருந்து கூரை வரை ஒரு வரிசைக் கம்பியும், கூரையில் மூன்றாவது வரிசை வளையங்களும் கட்டாயம் வேண்டும்.

2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியிருக்கிறது. கதவும் ஜன்னலும் மூடியே இருப்பதால், காற்றுக்காகக் குறுக்கு இருக்கை என்ற காரணம் அதில் இல்லை. ஆனால் தூரம் என்ற காரணம் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டு, எதிரே நிற்பவரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து வருவது கொடுமை. ரயில் வேகம் எடுக்கும்போதும் நிற்கும்போதும் உடம்பு பக்கத்து ஆள் மேல் சாயும். குறுக்கு இருக்கையில் முதுகுச் சாய்வு அதைத் தாங்கிக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் தடங்களுக்கும் இதே பேச்சுதான்.

இதற்கும் ஜப்பானில் வழி கண்டிருக்கிறார்கள். கின்டெட்சு ரயில் நிறுவனம் 1996-இல் திரும்பும் இருக்கையைப் புறநகர் ரயிலில் வைத்தது: நெரிசல் நேரத்தில் ஜன்னலோரம் நீளமாக, மற்ற நேரத்தில் பயணத் திசையைப் பார்த்து. டோக்கியோவில் டோபு, செய்பு, கெய்யோ என்ற ரயில் நிறுவனங்கள் முறையே 2008, 2017, 2018-இல் அதே திரும்பும் இருக்கையோடு, இடம் பதிவு செய்து போகும் ரயில்களைத் தொடங்கின. விலை கூடுதல், பராமரிப்பு வேலையும் அதிகம் என்பதால் நம் எல்லா ரயிலுக்கும் அது வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். என்னைக் கேட்டால், கதவை ஒட்டிய பகுதிகளில் நீள இருக்கை, பெட்டியின் இரண்டு கோடிகளிலும் குறுக்கு இருக்கை என்று கலந்து வைத்தாலே போதும். தாம்பரத்தில் ஏறிக் கிண்டியில் இறங்குகிறவர் கதவருகே நின்றுகொள்வார். செங்கல்பட்டுக்காரர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். எந்த அமைப்பு வந்தாலும் இருக்கைக்கு நடுவே அந்தச் செங்குத்துக் கம்பி மட்டும் கண்டிப்பாக வேண்டும்.

அப்பா இப்போதும் மாதம் ஒருமுறை மாம்பலத்துக்கு அத்தையைப் பார்க்கப் போகிறார். நானும் கூடப் போவதுண்டு. ஜன்னலோரம் காலியாக இருந்தாலும் அங்கே போகமாட்டார். வாசலை ஒட்டி, கை எட்டும் தூரத்தில் ஒரு கம்பி இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் உட்காருகிறார்.