லான் டிராக்டர் எஞ்சின் சூடானதும் நின்றுவிடுகிறது. வாரண்டியில் கொடுத்தும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். ஒரு ஏக்கர் புல், புது லான் டிராக்டர் (உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டி). அரை மணி நேரம் ஓடியதும் எஞ்சின் நின்றுபோகிறது, ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. டீலர் "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வாரண்டி முடிய இன்னும் சில மாதங்கள்தான்.

பென்சில்வேனியாவில் இதே தலைவலியோடு ஒரு கோடை முழுக்கக் குடித்தனம் நடத்தியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டியின் எஞ்சின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பாருங்கள். பெரும்பாலான லான் டிராக்டர்களில் வண்டி ஒரு கம்பெனி, எஞ்சின் வேறு கம்பெனி. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கவாசாகி, கோலர் (இந்த எஞ்சின் பிரிவு 2024 முதல் ரெல்கோ என்ற பெயரில் இருக்கிறது), இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அப்படியானால் பொதுவாக உங்களிடம் இரண்டு வாரண்டி இருக்கிறது. வண்டிக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று. காலமும் நிபந்தனையும் வெவ்வேறாக இருக்கலாம். பெட்டியோடு வந்த காகிதக் கட்டில் எஞ்சினுக்கென்று தனிப் புத்தகம் இருக்கும், நம்மில் பலர் அதைப் பிரிப்பதே இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், இரண்டு கம்பெனியும் ஒருவரை ஒருவர் கை காட்டும். வண்டிக் கம்பெனிக்குப் போன் செய்தால் "எஞ்சின் எங்களுடையது இல்லை" என்பார்கள். எஞ்சின் கம்பெனி "வண்டி வயரிங்கில் கோளாறாக இருக்கலாம், டீலரைப் பாருங்கள்" என்பார்கள். நடுவில் டீலர். வாரண்டி வேலைக்கு, இன்ன பழுதுக்கு இத்தனை நேரம் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி அவருக்குப் பணம் தருகிறது. கோளாறைத் தேடித் திரியும் நேரத்துக்குப் பெரும்பாலும் காசு இல்லை. மே, ஜூனில் அவர் கொட்டகை நிறைய வண்டிகள் நிற்கும். உங்கள் வண்டியைக் காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஓரமாக நிறுத்திவிடுவார். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் காய்ச்சல் விட்டுவிடும் குழந்தை மாதிரிதான் இந்தக் கோளாறு. அவரைத் திட்டிப் பயனில்லை. கோளாறு எந்தப் பக்கம் என்பதை, அது நடக்கும் நேரத்தில், நடக்கும் இடத்தில் நாம்தான் பிடிக்க வேண்டும்.

வண்டி நின்றதும் பிளேடை ஆஃப் செய்து, பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டு, முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, உடனே வண்டி கிளம்பினால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்கவில்லை. மூடியை மாற்றினால் வேலை முடிந்தது.

அது இல்லையென்றால் ஸ்பார்க் டெஸ்டர். ஆட்டோ பார்ட்ஸ் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும். பிளக்குக்கும் பிளக் வயருக்கும் நடுவே மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஸ்பார்க் வரும் ஒவ்வொரு முறையும் உள்ளே பளிச் பளிச்சென்று மின்னும். மின்னுகிறது, ஆனால் வண்டி கிளம்பவில்லை என்றால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். பல எஞ்சின்களில் கார்புரேட்டர் அடியில் ஒரு சோலினாய்டு (கரண்டில் இயங்கிப் பெட்ரோலைத் திறந்து மூடும் பாகம்) இருக்கும், சாவியை ஆன் செய்யும்போது அது "டக்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் அதற்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

மின்னவே இல்லையென்றால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. ஸ்பார்க்கை உண்டாக்குவது இக்னிஷன் காயில். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் பக்கத்தில், மேல் மூடிக்குள் இருக்கும். ஃப்ளைவீலில் பதித்த காந்தம் அதைக் கடந்து போகும் ஒவ்வொரு சுற்றிலும் கரண்ட் பிறக்கும். அந்தக் காயிலிலிருந்து ஒரு மெல்லிய வயர் வண்டியின் வயரிங்குக்குப் போகிறது, கில் வயர் என்பார்கள். சாவியை ஆஃப் செய்தாலும், சீட்டை விட்டு எழுந்தாலும், இந்த வயர் காயிலை எர்த் செய்துவிடும், ஸ்பார்க் செத்துவிடும். ஆக, ஸ்பார்க் இல்லாமல் போக இரண்டு காரணம் இருக்கலாம். காயில் சூட்டில் உள்ளுக்குள் விட்டுப்போயிருக்கலாம், அல்லது சீட் சுவிட்சோ வேறு வயரோ வேண்டாத நேரத்தில் எர்த் ஆகியிருக்கலாம். காயில் போனால் எஞ்சின் கம்பெனி, சுவிட்சும் வயரும் போனால் வண்டிக் கம்பெனி. இரண்டு வாரண்டிக்கும் எல்லைக்கோடு அந்த ஒற்றை வயர்தான்.

சோதனை எளிது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே கில் வயரின் இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி டெஸ்டரைப் பாருங்கள். இப்போது மின்னினால் குற்றவாளி வயரிங். அப்போதும் இருட்டு என்றால் காயில். ஒரு எச்சரிக்கை: அந்த வயர் கழன்றிருக்கும்போது எஞ்சின் தப்பித்தவறிக் கிளம்பிவிட்டால் சாவியால் நிறுத்த முடியாது, சோக் போட்டோ பெட்ரோல் வால்வை மூடியோதான் நிறுத்த வேண்டும். பாதுகாப்பு சுவிட்சும் வேலை செய்யாது. அதனால் சோதனை முடிந்ததும் வயரை மாட்டிவிடுங்கள், கழற்றிய நிலையில் புல் வெட்டவே கூடாது. (சூட்டில் இல்லாமல் மேடு பள்ளத்தில் குலுங்கும்போது நிற்கிறது என்றால் இதெல்லாம் வேண்டாம், நேராக சீட் சுவிட்சைப் பாருங்கள்.)

என் வண்டியில் காயில்தான். டீலர் அதுவரை கார்புரேட்டரைக் கழுவினார், பிளக் மாற்றினார், ஃபில்டர் மாற்றினார். "பழைய பெட்ரோல்" என்று சொல்லி கார்புரேட்டர் கழுவியதற்குப் பில்லும் போட்டார், ஏனென்றால் பெட்ரோலால் வரும் கெடுதலை எஞ்சின் வாரண்டிகள் பொதுவாக ஏற்பதில்லை. இந்த இடத்தில் நீங்களும் உஷாராக இருங்கள். பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் வரை கலந்திருந்தால் பரவாயில்லை. பம்பில் "அன்லெடட் 88" என்று மலிவாக விற்பது பதினைந்து சதவீத எத்தனால், சிறிய எஞ்சின்களுக்கு அதை ஊற்றக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசு விதி. கேனில் ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதாக இருந்தால் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றுங்கள். பெட்ரோல் ரசீதையும் எறியாதீர்கள்.

நான் அந்தச் சோதனையை அப்படியே போனில் வீடியோ எடுத்தேன். மணிக் கணக்கு மீட்டர், கழன்ற கில் வயர், மின்னாத டெஸ்டர் எல்லாம் ஒரே வீடியோவில், வெட்டாமல். அதை எடுத்துக்கொண்டு, வண்டி வாங்கிய இடத்துக்குப் போகாமல், எஞ்சின் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற வேறொரு சர்வீஸ் கடைக்குப் போனேன். எஞ்சின் வாரண்டிக்கு வாங்கிய கடைக்கே போக வேண்டும் என்று இல்லை. அங்கிருந்த பெரியவர் வீடியோவைப் பாதிகூடப் பார்க்கவில்லை, "காயில்" என்று சொல்லிவிட்டு ஆர்டர் போட்டார். பழைய கடையில் கட்டிய கார்புரேட்டர் பணம் மட்டும் வரவே இல்லை.

காகித வேலையில் ஒன்றை விடாதீர்கள். டீலர் சர்வீஸ் சீட்டில் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று சுருக்கமாக எழுதிக்கொள்வார். "புல் வெட்டும்போது அரை மணி நேரத்தில் நிற்கிறது, அப்போது ஸ்பார்க் இல்லை, ஆறினால் வருகிறது" என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். தேதி, மீட்டர் எண், என்ன செய்தார்கள் என்பதும் வேண்டும். "குறை ஏதும் காணவில்லை" என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். பழுதை நீக்க அவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

சட்டத்தைப் பொறுத்தவரை, காருக்கு இருக்கும் லெமன் சட்டம் (திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கு மாற்று வண்டியோ பணமோ தரச் சொல்வது) பெரும்பாலான மாநிலங்களில் லான் டிராக்டருக்கு வராது. 1975-இல் வந்த மாக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் வரும். ஆனால் அதில் நியாயமான அளவு முயன்றும் சரியாகாவிட்டால் பணமோ மாற்று வண்டியோ தர வேண்டும் என்ற விதி "ஃபுல்" வாரண்டிக்குத்தான். உங்கள் புத்தகத்தில் பெரும்பாலும் "லிமிடெட்" என்றுதான் இருக்கும். அப்போதும் கதவு மூடிவிடவில்லை. லூசியானா தவிர மற்ற மாநிலங்களில் இருக்கும் வணிகச் சட்ட விதிப்படி, பழுது பார்ப்பது மட்டுமே தீர்வு என்று எழுதிவிட்டு அதையும் ஒழுங்காகச் செய்து கொடுக்காவிட்டால், அந்த வரம்பு நிற்காது என்று வாதிடலாம். சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். அதற்கு முன் ஒரு கடிதத்தை, சர்வீஸ் சீட்டு நகல்களோடு, ஒப்புகையுடன் கூடிய சர்டிஃபைட் தபாலில் இரண்டு கம்பெனிக்கும் அனுப்புங்கள். பல நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: எஞ்சின் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் புகை வெளியேற்றத்துக்கென்று தனி வாரண்டி ஒன்று பொடி எழுத்தில் இருக்கும். மத்திய அரசு விதிப்படி குறைந்தது 2 ஆண்டுகள். கார்புரேட்டர், இக்னிஷன் பாகங்கள் எல்லாம் பொதுவாக அந்தப் பட்டியலில் வரும். உங்கள் சாதாரண வாரண்டி தேதி தாண்டினாலும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

மற்றபடி, வாரண்டி முடிவதற்கு முன்பே புகாரை எழுத்தில் பதிந்துவிடுங்கள், வண்டியை அப்புறம் விட்டாலும் சரி. ஜனவரியில் விட்டால் கடை காலியாக இருக்கும், மெக்கானிக்குக்கு உட்கார்ந்து தேட நேரமும் இருக்கும். வண்டியை ஏற்றிப் போய் இறக்கும் கூலி பெரும்பாலும் வாரண்டியில் வராது, அதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.