மகள் புராடக்ட் மேனேஜர் ஆகணும் என்கிறாளா?

அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், கோடிங் வேலை வேண்டாம், புராடக்ட் மேனேஜர் ஆகப்போகிறேன் என்கிறாள். அது நிலையான வேலைதானா என்பது ஒன்று. அதற்கான பயிற்சிக்கு ஒரு நிறுவனம் இரண்டரை லட்சம் கேட்கிறது, கட்டலாமா என்பது இன்னொன்று. பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு ஆப்பில் என்னென்ன வசதி வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பவர்தான் புராடக்ட் மேனேஜர். மேனேஜர் என்றதும் கீழே பத்துப் பேர் இருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த வேலைக்குப் புதிதாக வருபவருக்குக் கீழே பெரும்பாலும் யாருமே இருக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தி, பூ, வேன் என்று ஓடும் தாய்மாமன் மாதிரி. சமையல்காரருக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர் இல்லை. ஆனால் சாம்பார் தீர்ந்துபோனால் எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள்.

டாக்டரைப் பார்க்க டோக்கன் போடும் ஆப் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும்போது நெட் போனால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. ‘காசு போச்சா, இல்லையா?’ என்று கஸ்டமர் கேருக்கு நாள் முழுக்க போன். ஒழுங்காகச் சரிசெய்ய ஒரு மாதம் வேண்டும் என்கிறார் டெவலப்பர். அந்தப் பக்கத்தையே புதிதாக வரைந்துவிடலாம் என்கிறார் டிசைனர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கேட்ட வேறு வசதியை முதலில் முடியுங்கள் என்று நிற்கிறார் சேல்ஸ்காரர். எல்லோர் பேச்சிலும் நியாயம் உண்டு. புராடக்ட் மேனேஜர்தான் அந்த போன் பதிவுகளை உட்கார்ந்து கேட்டு, ‘பணம் எடுக்கப்பட்டிருந்தால் தானாகத் திரும்பி வரும், மறுபடி கட்ட வேண்டாம்’ என்று ஒரு வரியை இந்த வாரமே திரையில் போடுவோம், மற்றதை அப்புறம் வரிசைப்படுத்துவோம் என்று முடிவெடுத்து, மூன்று பேரையும் சம்மதிக்க வைக்க வேண்டும். உங்கள் மகள் ஆசைப்படுவது இந்த வேலைக்குத்தான். போன் குறையாவிட்டால் பதில் சொல்ல வேண்டியதும் அவள்தான்.

நேற்று முளைத்த வேலையும் இல்லை. 1931-இல் அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் கேமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்கெல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்று மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். இந்த வேலையின் வேர் அங்கேதான் என்பார்கள். அவர் பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். அதை மட்டும் மகளிடம் சொல்லாதீர்கள், அப்புறம் கையில் பிடிக்க முடியாது.

கல்லூரி முடித்த கையோடு இதில் நுழைய முடியுமா? கூகுள் 2002-இலிருந்தே புதியவர்களை எடுத்துப் பழக்குகிறது. வேறு சில கம்பெனிகளும் எடுக்கின்றன. ஆனால் இடங்கள் மிகக் குறைவு. சப்போர்ட், டெஸ்டிங், டெவலப்மென்ட் என்று ஏதாவது ஒரு வாசல் வழியாக உள்ளே போய், இரண்டு மூன்று வருடத்தில் நகர்ந்து வருகிறவர்களே அதிகம். 2010-இல் சென்னையில் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம், அதற்கு முன் ஜோஹோவில் ப்ரீ சேல்ஸில், அதாவது வாங்க வருபவர்களுக்கு மென்பொருளை விளக்கிக் காட்டும் வேலையில், சேர்ந்து புராடக்ட் பக்கம் வந்தவர். எனவே சப்போர்ட் வேலை கிடைத்தால் மட்டம் என்று தள்ள வேண்டாம். வாடிக்கையாளரின் திட்டை நேரில் வாங்குவதற்கு ஈடான படிப்பு இந்தத் துறையில் இல்லை.

சம்பளம், கம்பெனிப் பெயர் எல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் போய்ச் சேரும் டீம் எப்படிப்பட்டது என்பதை வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்த ஏமி எட்மண்ட்சன், 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கோ தலைகீழாக வந்தது: ஒற்றுமையாக வேலை செய்த பிரிவுகளில்தான் தவறுகளின் எண்ணிக்கை கூடுதல். துருவிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அங்கே நர்ஸுகள் தவறை வெளியில் சொன்னார்கள். தலைமை நர்ஸுக்குப் பயந்த பிரிவுகளில் மறைத்தார்கள். பின்னாளில் கூகுளும் தன்னுடைய 180 டீம்களை ஆராய்ந்துவிட்டு, யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதுதான் முக்கியம் என்ற முடிவுக்கு வந்தது.

புராடக்ட் வேலைக்கு இது உயிர். புது யோசனைகளில் பலதும் தோற்கும். ‘இது ஓடாது சார்’ என்று ஜூனியர் ஒருவர் முதல் வாரமே வாய் திறந்தால் நஷ்டம் ஒரு வாரத்தோடு போகும். திறக்காவிட்டால் ஆறு மாதம்.

ஆகவே இன்டர்வியூ முடிவில் ‘ஏதாவது கேட்கணுமா?’ என்றால், மகள் இப்படிக் கேட்கட்டும்: ‘சமீபத்தில் நீங்கள் செய்து, பிறகு கைவிட்ட வசதி எது? அது சரிவராது என்று முதலில் சொன்னது யார்?’ உதாரணத்தோடு பதில் வந்தால் நம்பிச் சேரலாம். ‘எங்களிடம் அப்படி எதுவும் இல்லை’ என்றோ, ‘அந்தப் பையன் இப்போது இங்கே இல்லை’ என்றோ வந்தால் யோசிக்கட்டும்.

சரி, அந்த இரண்டரை லட்சம். அங்கே படித்தவர்களின் ஆஃபர் லெட்டர்களைக் காட்டச் சொல்லிப் பதவியின் பெயரைப் பாருங்கள். ‘பிசினஸ் டெவலப்மென்ட்’ என்று இருந்தால் பெரும்பாலும் அது சேல்ஸ் வேலை. மகளுக்கு அது பிடித்திருந்தால் தாராளமாகப் போகட்டும், ஆனால் அதற்கு இரண்டரை லட்சம் கட்ட வேண்டியதில்லை. இந்த செமஸ்டர் லீவில் கல்லூரி மெஸ், ஹாஸ்டல், பஸ் என்று ஏதாவது ஒரு பிரச்சினையை எடுத்து, இருபது பேரிடம் பேசி, நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து சின்னதாக ஒரு ஆப் செய்து, பத்துப் பேரையாவது பயன்படுத்த வைக்கச் சொல்லுங்கள். அந்த நண்பர்களோடு சண்டை வந்தால் எப்படித் தீர்த்தாள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள்.